யார் நாற்காலியில் மைக்கை வைப்பது?

இந்தப் பொங்கலுக்குப் போடிநாயக்கனூர் போனபோது பையில் அம்மாவுக்குப் புடவை, அப்பாவுக்கு வேட்டி, கூடவே ஒரு மைக்கும் இருந்தது. பேனா அளவில் ஒரு உலோகக் குழாய். யூஎஸ்பி வழியாக லேப்டாப்பில் செருகினால் அறையின் ஒலியை அளக்கும். அந்த மைக்குக்கே பிறவிக் குறைகள் உண்டு என்பதால் அதன் வரிசை எண்ணுக்கென்று தனியாக ஒரு திருத்தக் கோப்பும் தருகிறார்கள். அளவுகோலையே முதலில் திருத்திவிட்டுத்தான் அளக்க வேண்டும். இதை நான் அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

போகிக்கு மறுநாள் காலை, அப்பாவின் நாற்காலி மேல் ஒரு ஸ்டாண்டை நிறுத்தி, அவர் காது இருக்கும் உயரத்தில் மைக்கைப் பொருத்தினேன். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் ஸ்பீக்கர் வழியாக 20 ஹெர்ட்ஸ் உறுமலில் தொடங்கி 20,000 ஹெர்ட்ஸ் கீச்சுவரை ஒரே இழுப்பாக ஒரு ஓசையை எழுப்பும். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடா இது, நல்ல நாளும் பொழுதுமா ஆம்புலன்ஸ் சத்தம்?"

"அப்பாவுக்குப் பாட்டு நல்லாக் கேக்கறதுக்கும்மா."

"அவருக்கு நான் பேசறதே கேக்கல. பாட்டு எங்க கேக்கப்போகுது."

இந்தக் கட்டுரை அம்மாவின் அந்த வாக்கியத்துக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்.

*

டிஜிட்டல் ரூம் கரெக்‌ஷன் என்பது கேட்க எளிமையான யோசனை. நாம் ஸ்பீக்கரை மட்டும் கேட்பதில்லை, அறையையும் சேர்த்தே கேட்கிறோம். சுவரும் தரையும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. சில சுருதிகள் வீங்குகின்றன, சில மெலிகின்றன. எனவே கேட்கும் இடத்தில் மைக்கை வைத்து அறை என்ன செய்கிறது என்று அளந்து, அதற்கு நேரெதிரான ஒரு ஃபில்டரைக் கணக்கிட்டு, பாட்டு ஸ்பீக்கருக்குப் போகும் முன்பே அதைப் போட்டுவிடுவது. அறை கூட்டுவதை நாம் முன்கூட்டியே கழித்துவிடுகிறோம்.

எங்கள் கூடம் 12 அடிக்கு 10 அடி. உயரமும் 10 அடி. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 12 அடி நீளவாக்கில் ஒரு சுவரிலிருந்து கிளம்பி எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்ப 24 அடி, அதாவது ஏறத்தாழ 7.3 மீட்டர். அந்த நீளமுள்ள அலையின் அதிர்வெண் 47 ஹெர்ட்ஸ். அந்த அலை அறைக்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது. இரு சுவர் ஓரங்களிலும் பலமாக இருக்கும், அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும். அதன் இரட்டிப்பான 94 ஹெர்ட்ஸுக்கு நிலைமை வேறு. அது சுவரோரங்களிலும் பலம், நடுவிலும் பலம்.

அப்பாவின் நாற்காலி இருப்பது அறையின் நட்டநடுவில். வரைபடம் பாடப்புத்தகம்போல வந்தது. 47-இல் ஒரு பள்ளம், 94-இல் ஒரு மேடு. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியில் இரண்டாவது ஃப்ரெட்டை அழுத்தினால் ஏறக்குறைய அந்த 47 வரும். அப்பா உட்காரும் இடத்தில் அந்தச் சுரம் காணாமல் போகிறது, அதன் மேல்ஸ்தாயி மட்டும் உப்பிக் கேட்கிறது. இத்தனை வருடம் அவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இளையராஜா கேட்டிருக்கிறார். ராஜா பிறந்த பண்ணைப்புரம் எங்கள் மாவட்டம்தான். சொந்த மண்ணின் இசையை இவ்வளவு கோணலாகவா கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்கு வருத்தமாகவும், திருத்திவிடப் போகிறோம் என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மேட்டைக் குறைத்தேன். பள்ளத்தில் 10 டெசிபல் ஏற்றினேன். ராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைப் போட்டேன். 1986-இல் வந்தது, அப்பாவுக்கு மனப்பாடம்.

அடுக்களையில் தட்டுகள் அதிர்ந்தன. அம்மா, "டேய் டேய்!" என்றாள். அப்பா சற்று நேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான்யா இருக்கு. ஆனா பாட்டு அங்கிட்டு எங்கயோ கேக்குது" என்றார்.

*

தட்டு ஏன் அதிர்ந்தது என்பதை முதலில் பார்க்கலாம், அது சுலபம். அடுக்களை வாசல் 12 அடிச் சுவரின் கடைக்கோடியில் இருக்கிறது. 47 ஹெர்ட்ஸ் அலை மிகப் பலமாக நிற்கும் இடம் அது. 10 டெசிபல் ஏற்றுவதென்றால் ஆம்ப்ளிஃபயர் அந்தச் சுருதியில் பத்து மடங்கு திறனைக் கொட்டவேண்டும். அவ்வளவு கொட்டியும் அறையின் நடுவே நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடும், கழிவும் அதே விகிதத்தில் நடக்கும். மிச்சமெல்லாம் சுவரோரம் போய்ச் சேரும். அந்தச் சுவரோரத்தில்தான் அம்மா முப்பது வருடமாக நின்று சமைத்துக்கொண்டே பாட்டு கேட்கிறாள்.

அப்புறம் மைக்கை அங்கே கொண்டுபோய் ஒருமுறை அளந்தேன். நான் எதையும் திருத்துவதற்கு முன்பே, அப்பாவுக்குக் கிடைக்காத அந்த 47 ஹெர்ட்ஸ் அம்மாவுக்கு முழுசாகக் கிடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. சொன்னபோது, "எனக்கு எப்பவும் நல்லாத்தான்டா கேக்குது. நீ யாரும் கேக்கலையே" என்றாள்.

ரூம் கரெக்‌ஷன் என்ற பெயரிலேயே ஒரு ஏமாற்று இருக்கிறது. அறை எதுவும் திருந்துவதில்லை. அறை அப்படியேதான் இருக்கும். ஒரு நாற்காலிக்கு, அதில் உட்காரும் ஒரு தலைக்கு மட்டும் கணக்கு நேராகிறது. அந்தக் கணக்குக்கான விலையை மற்ற நாற்காலிகள் கொடுக்கின்றன. பல இடங்களில் அளந்து சராசரி எடுக்கும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் அந்தப் பல இடங்கள் எவை என்று முடிவெடுப்பதும் யாரோ ஒருவர்தான். சோபாவின் மூன்று இருக்கைகளையும் அளக்கச் சொல்வார்கள். அடுக்களை வாசலில் அளக்கச் சொல்லி நான் எங்கும் படித்ததில்லை.

*

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது, நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். "ருசி ஆளுக்காள் மாறும், அளவு மாறாது. ஒலிப்பதிவில் என்ன இருக்கிறதோ அது அப்படியே காதுக்கு வரவேண்டும். அதுதான் உண்மை." வரைபடத்தில் கோடு நேராக இருந்தால் உண்மை, வளைந்தால் பொய்.

இந்தப் பதிலில் இரண்டு ஓட்டைகள்.

முதல் ஓட்டை, ஒலிப்பதிவில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தனியாகத் தெரியாது. ஸ்டுடியோவில் இருந்தவரும் ஒரு ஸ்பீக்கர் வழியாக, ஒரு அறையில் உட்கார்ந்துதான் கேட்டார். அந்த அறைக்கும் மேடுபள்ளம் உண்டு. அதை ஈடுகட்டித்தான் அவர் பேஸைக் கூட்டினார், குறைத்தார். அந்தப் பதிவை வைத்து நாம் ஸ்பீக்கரை எடைபோடுகிறோம், அந்த ஸ்பீக்கரை வைத்து அடுத்த பதிவு நடக்கிறது. ஒலியியலாளர் ஃபிளாய்ட் டூல் இதற்குக் குழப்ப வட்டம் என்று பெயர் வைத்தார். டூலும் ஷான் ஆலிவும் நடத்திய கேட்புச் சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது. அறைக்குள் அளக்கும்போது தட்டையான நேர்கோடாக வரும் ஒலியைப் பெரும்பாலானவர்கள் விரும்புவதில்லை. பேஸ் பக்கம் சற்று உயர்ந்து, மேலே போகப்போக மெல்ல இறங்கும் கோடுதான் அவர்களுக்கு இயல்பாகப் படுகிறது. ஆக, 'சரி' என்று மென்பொருள் காட்டும் இலக்குக் கோடு பெரும்பாலும் பலருடைய விருப்பத்தின் சராசரி. அதில் தவறில்லை. அதை உண்மை என்று அழைப்பதில்தான் சிக்கல்.

இரண்டாவது ஓட்டை, காது மைக் அல்ல. அம்மா அடுக்களையில் பேசினாலும் மொட்டைமாடியில் பேசினாலும் அது அம்மா குரல்தான். மைக்கிடம் கேட்டால் இரண்டும் வேறு வேறு வரைபடங்கள். முதலில் வந்து சேரும் நேரடி ஒலியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வரும் எதிரொலிகளை 'இது அறை' என்று தனியே ஒதுக்கிவைக்க மூளைக்குத் தெரியும். எங்கள் கூடம்போன்ற சின்ன அறையில் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் அறை நம்மை வெல்கிறது. அதற்கு மேலே பெரும்பாலும் நாம் அறையை ஊடுருவிக் கேட்டுவிடுகிறோம். அங்கே போய் ஒவ்வொரு சுளிவையும் ஃபில்டரால் நிமிர்த்தினால், மூளை ஏற்கெனவே மன்னித்துவிட்ட ஒன்றுக்காக நல்ல ஸ்பீக்கரைத் தண்டிப்பதாக ஆகிறது. நான் செய்ததும் அதுதான். 'பாட்டு அங்கிட்டு எங்கயோ கேக்குது' என்று அப்பா சொன்னதன் பொருள் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அறையொலியை முதன்முதலில் முறையாக அளந்தவர் என்று வாலஸ் சபைனைச் சொல்வார்கள். 1895-இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசினால் ஒன்றுமே புரியவில்லை. சொன்ன சொல் ஐந்தரை நொடி சுற்றிக்கொண்டிருந்தது. இளம் ஆசிரியரான சபைனிடம் இதைச் சரிசெய் என்றார்கள். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவோடிரவாகத் தூக்கிவந்து பரப்பி, ஒரு ஆர்கன் குழாயை ஊதி, ஓசை எத்தனை நொடியில் அடங்குகிறது என்று பார்த்துப் பார்த்துக் குறித்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போடவேண்டும். அந்தக் கணக்கிலிருந்துதான் 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹால் உருவானது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. தான் உடுத்தியிருந்த உடையும் ஒலியை உறிஞ்சி அளவை மாற்றுகிறது என்று அவர் கண்டுபிடித்தார். பிறகு ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரே உடையைப் போட்டுக்கொண்டார். அளப்பவரும் அறைக்குள்தான் இருக்கிறார்.

நான் அளந்தபோது அப்பா நாற்காலியில் இல்லை. எழுந்து வாசலுக்குப் போகச் சொல்லியிருந்தேன்.

*

அப்படியானால் எல்லாத் திருத்தமும் பொய்யா? இல்லை. இதை நான் கற்றுக்கொண்டது அப்பாவின் பழைய தொழிலிலிருந்துதான்.

80-களின் நடுவிலிருந்து பதினைந்து வருடத்துக்கு மேல் அப்பா போடியில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். இப்போதைய தலைமுறைக்குச் சொல்லவேண்டும். பிளாங்க் கேசட்டையும் ஒரு தாளில் எழுதிய பாட்டு லிஸ்ட்டையும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். சட்டப்படி அது சரியா என்று அன்று யாரும் கேட்கவில்லை. கடையில் ஒரு டபுள் டெக், பக்கத்தில் வரிசையாகத் தள்ளுவிசைகள் வைத்த ஒரு ஈக்வலைசர். லிஸ்ட்டை வாங்கியதும் அப்பா கேட்கும் முதல் கேள்வி, "எதுல போட்டுக் கேப்பீங்க?"

வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் ஜீப் டிரைவர்கள். விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மலையேறும் ஜீப்கள். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் இன்ஜின் உறுமும்போது பேஸ் இருந்தும் இல்லாததுபோலத்தான். அந்த உறுமல் தாழ்ந்த சுருதிகளை மூடிவிடும். அதனால் ஜீப் கேசட்டுக்கு அப்பா பேஸை இறக்கி, குரல் தெளியும் இடத்தைத் தூக்கிவிடுவார். டீக்கடைக்கு ஒரு மாதிரி, கல்யாண வீட்டுக்குக் கொடுக்கும் கேசட்டுக்கு ஒரு மாதிரி. இந்தமுறை பரணில் கிடைத்த ஒரு ஜீப் கேசட்டை ஓட்டி அளந்தபோது, வரைபடம் நடுவில் முதுகு வளைந்த பூனைபோல இருந்தது. 'எவ்வளவு தப்பான பதிவு' என்பதுதான் என் முதல் எண்ணம். அந்த ஜீப்பில் உட்கார்ந்து மலையேறியவர்களுக்கு அதைவிடச் சரியான பதிவு இருந்திருக்க முடியாது என்பது இரண்டாவது எண்ணம். ஃபூரியே கணக்கு எதுவும் தெரியாமல் அப்பா செய்ததும் அறைத் திருத்தம்தான். ஒரே வித்தியாசம், அவர் கேட்டுவிட்டுச் செய்தார். நான் அளந்துவிட்டுச் செய்தேன்.

எங்கள் ஊரில் திருத்தத்துக்கு இன்னொரு உதாரணமும் உண்டு. ஏலக்காய் ஊர் அல்லவா. பறித்த காயை அப்படியே விட்டால் அழுகும், வெயிலில் காயவைத்தால் பச்சை வெளுத்துவிடும். அதனால் ஸ்டோரில் வைத்து, சுமார் 50 டிகிரி சூட்டில், ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நிதானமாக உலர்த்துவார்கள். காயில் ஏற்கெனவே இருந்த பச்சை நிலைக்கிறது. பிறகு சல்லடையில் சலித்து எட்டு எம்எம், ஏழு எம்எம் என்று பிரித்து ஏலத்துக்கு அனுப்புவார்கள். இதெல்லாம் மனிதக் கை பட்ட வேலைதான், ஆனால் யாரும் இதைக் கலப்படம் என்பதில்லை. வெளுத்துப்போன காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றினால் அது கலப்படம், சட்டமும் அனுமதிப்பதில்லை. இரண்டிலும் கடைசியில் கண்ணுக்குத் தெரிவது பச்சைதான். ஒன்று காயிடம் இருந்ததைக் காப்பாற்றுகிறது. மற்றது, வாங்குகிறவர் பார்க்க விரும்புவதைக் காயின் பெயரில் விற்கிறது.

94 ஹெர்ட்ஸ் மேட்டை நான் குறைத்தது ஸ்டோர் வேலை. அந்த உப்பல் பாட்டினுடையது அல்ல, சுவரினுடையது. அதை எடுத்தது நியாயம். இலக்குக் கோட்டுக்காக மேலே நூறு இடத்தில் தட்டிக்கொட்டியது சாயம். எனக்கு வரைபடம் பச்சையாகத் தெரியவேண்டியிருந்தது. 47-இல் இருந்த பள்ளம் இந்த இரண்டு வகையிலும் சேராது. அது ஃபில்டரால் நிரப்பக்கூடிய குறையே அல்ல. அதற்கு ஒரே வழி நகர்வது. ஸ்பீக்கரை நகர்த்து, அல்லது நாற்காலியை நகர்த்து.

"அப்பா, நாற்காலிய ரெண்டடி பின்னாடி போட்டா பேஸ் நல்லாக் கேக்கும்."

"ரெண்டடி பின்னாடி போனா மலை தெரியாதுய்யா."

ஜன்னல் வழியாக மேற்குமலையின் ஒரு துண்டு அந்த நாற்காலியிலிருந்துதான் தெரிகிறது. என் அளவீட்டில் அதற்கு ஒரு அச்சு இல்லை.

*

இப்போது அம்மாவின் வாக்கியத்துக்கு வருகிறேன். அவருக்கு நான் பேசறதே கேக்கல.

2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நின்ற போடி ரயில், 2023 ஜூனில் மறுபடி வந்தது. அன்றிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டால் அப்பா, "வண்டி வந்துருச்சு" என்பார். தூரத்து ஹாரன் கேட்கிறவருக்கு, எதிரே நின்று என் மகள் "தாத்தா, பால் குடிச்சீங்களா?" என்று கேட்டால், "காலா? கால் வலி பரவாயில்ல கண்ணு" என்பார். நாங்கள் சிரிப்போம். நான் உள்ளுக்குள் எரிச்சல்படுவேன், வேண்டியதைக் கேட்டுக்கொள்கிறார் என்று.

பொங்கல் முடிந்து அவரைக் காது பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். ஆடியோகிராம் என்று ஒரு தாள் தந்தார்கள். என் அறை வரைபடத்தைப்போலவே கிடைமட்டத்தில் அதிர்வெண், செங்குத்தில் டெசிபல். 250, 500-இல் கோடு ஒழுங்காக இருந்தது. 2,000 தாண்டியதும் மலையிறங்கும் ரோடு மாதிரி சரிந்தது. வயதானால் பொதுவாக மேல் அதிர்வெண்கள்தான் முதலில் போகும். ஹாரன் அதற்குக் கீழே இருக்கிறது. உயிரெழுத்துகளின் பலமும் பெரும்பாலும் கீழேதான். மெய்யெழுத்துகளின் தெளிவு மேலே இருக்கிறது. 'பால்', 'கால்' இரண்டிலும் 'ஆல்' அவருக்கு முழுசாகக் கேட்கிறது. ப்-ஆ க்-ஆ என்று சொல்லும் அந்தச் சின்ன வெடிப்புதான் போய்விட்டது. நாம் பேசுகிறோம் என்பது கேட்கிறது, என்ன பேசுகிறோம் என்பது கேட்பதில்லை.

இத்தனை வருடம் அதற்கு நாங்கள் செய்த வைத்தியம், கத்துவது. அம்மா அடுக்களையிலிருந்து கத்துவாள், நான் ஃபோனில் கத்துவேன். "ஏன்யா கத்துற?" என்று அவர் கோபப்படுவார். மெதுவாகப் பேசினால் கேட்காது, கத்தினால் எரிச்சல் என்று நாங்கள் அலுத்துக்கொள்வோம். இதுவும் காதின் இயல்பு என்பது பிறகு தெரிந்தது. இந்தவகைக் குறைபாட்டில் சன்னமான ஒலி கேட்காமலே போகும், பலமான ஒலியோ நமக்கு உறுத்தும் அதே அளவில் அவருக்கும் உறுத்தும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடம் குறுகிப்போகிறது. கத்தும்போது நாம் பெரிதும் ஏற்றுவது உயிரெழுத்துகளைத்தான். அவருக்கு ஏற்கெனவே இருப்பதை மேலும் கொட்டுகிறோம். 47 ஹெர்ட்ஸ் பள்ளத்தில் நான் 10 டெசிபல் கொட்டியதும் இதுவேதான். பள்ளம் அப்படியே இருந்தது, தட்டுகள்தான் அதிர்ந்தன.

காது கேட்கும் கருவியும் ஒரு ஃபில்டர்தான், ஆனால் நாற்காலிக்கு அல்லாமல் காதுக்கே அளந்து போடுவது. அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. நான் வற்புறுத்துவதை நிறுத்தவும் இல்லை. ஒருவருடைய விருப்பத்தை மதிப்பதற்கும் அதைச் சாக்காக வைத்து நம் வேலை முடிந்தது என்று ஒதுங்குவதற்கும் இடையே எங்கே கோடு போடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வீட்டில் ஒருவர் கருவி போடாததால் வரும் கஷ்டத்தை அம்மாவின் தொண்டைதான் சுமக்கிறது. அவள் நாற்காலியையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நகர்வது. அடுத்த அறையிலிருந்து பேசாமல் எதிரே வந்து உட்கார்வது, வெளிச்சம் நம் முகத்தில் விழும்படி. போன மெய்யெழுத்துகளில் பாதியை உதடு திருப்பிக்கொடுக்கிறது. 'ப'வுக்கு உதடு மூடும், 'க'வுக்கு மூடாது. என் மகள் இதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். தாத்தாவின் முட்டியில் கைவைத்து, அவர் பார்க்கும்வரை காத்திருந்து, பிறகுதான் பேசுகிறாள்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு ஃபில்டர்களை எல்லாம் அழித்துவிட்டு, 94-இல் ஒன்று, 56-இல் ஒன்று என்று இரண்டு மேடுகளை மட்டும் தணித்து வைத்தேன். லேப்டாப்பை மூடிவிட்டு, அப்பாவுக்கு எதிரே மலையை மறைக்காமல் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் கடையில் கேட்ட கேள்வியை அவரிடம் முதன்முறையாகக் கேட்டேன்.

"எப்படிப்பா கேக்கணும் உங்களுக்கு?"

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "குரல் கிட்டக்க இருக்கணும்யா. மத்ததெல்லாம் எனக்கே தெரியும்."